விரதம் என்று சொன்ன நாட்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், மதியச் சங்கு ஊதியதும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தார்கள். பக்கத்து மெஷின் பெண், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் டப்பாவில் கையை விட்டுப் புளிச்சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளாத்திகுளம் பக்கம் எங்கள் கரிசல் ஊரில், எங்கள் தெருப் பானையில் மேலத்தெருக்காரர்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இவளோ, தாளித்தது நல்லெண்ணெயா கடலெண்ணெயா என்று மட்டும்தான் கேட்டாள். அவள் பெயர் மும்தாஜ். இங்கேயே பிறந்தவள். நல்லூரில் எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு.

ஊரிலும் பசி இருந்தது. மழை பொய்த்த வருடங்களில் அம்மா தூக்குவாளியோடு மேலத்தெரு வீடுகளின் கொல்லைவாசலில் நிற்பாள். சோறு கிடைக்கும், கூடவே ஏச்சும் கிடைக்கும். யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்று ஊருக்கே தெரியும். கல்யாணமாகி இங்கே வர பஸ் ஏறியபோது நான் பெரிதாக நினைத்தது ஒன்றைத்தான்: இனி என் பானையை யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

அது உண்மைதான், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அமெரிக்க ஆர்டர்கள் குறைந்து ஓவர்டைம் நின்றபோதும் பார்க்கவில்லை. எங்கள் அடுப்பு எரிந்ததே ஓவர்டைமில்தான் என்பது அது நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. நானும் வீட்டுக்காரரும் வாங்கும் ஷிப்ட் சம்பளம் வாடகைக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்குமே போய்விடும். ஓவர்டைம் நாட்களில் கம்பெனி கொடுக்கும் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மகளுக்குக் கொண்டுபோவேன். அதுவும் இல்லாமல் போனது. ரேஷன் கார்டு ஊரில் அம்மாவிடம் இருந்தது. அந்த அரிசியில்தான் அவள் ஜீவனம். அதை இங்கே வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பருப்பு போனது, பிறகு பால், பிறகு என் மதியச் சாப்பாடு.

வட்டத்தில் வெறுங்கையோடு உட்கார முடியாது. செவ்வாய்க்கிழமை விரதம் என்றேன். பிறகு வெள்ளி என்றேன், பிறகு சனி. ஒருத்தி தன் மகனின் வேலைக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாள். ஒரு புதன்கிழமை ஓவர்லாக் மெஷினில் துணி இரண்டாகத் தெரிந்தது. குழாயடியில் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மும்தாஜ் பின்னாலேயே வந்தாள்.

"நாங்களும் நோம்பு வைக்கறவங்கதானுங்க," என்றாள். "நோம்புன்னா தொறக்கறதுன்னு ஒண்ணு இருக்கோணும். நீங்க எப்பங்க தொறக்கறீங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கொல்லைவாசல் இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் வீட்டுக் கதை உனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவள் குழாயை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். சாயப்பட்டறையில் அவள் வீட்டுக்காரருக்கும் வேலையில்லையாம். கொஞ்ச நாளாக அவள் டப்பாவிலும் வெறும் சோறும் ஊறுகாயும்தானாம்.

"வட்டமா உக்காந்தா ஆருது என்னன்னு தெரியாதுங்க. வெறுஞ்சோறாவே இருக்கட்டும், டப்பாவோட வந்து உக்காருங்க."

மறுநாள் வடித்த சோற்றில் உப்பும் வெங்காயமும் போட்டுக் கொண்டுபோனேன். சாப்பிடும்போது அரை முட்டையும் கொஞ்சம் கீரையும் என் டப்பாவில் விழுந்தன. யார் போட்டது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதனால் வீட்டு அடுப்பு ஒன்றும் செழிக்கவில்லை. எங்கள் இரவுக் கஞ்சி கஞ்சியாகவேதான் இருந்தது. ஆனால் மெஷினில் துணி ஒன்றாகத் தெரிந்தது. ஆர்டர்கள் பாதியளவு திரும்பிவரும்வரை அது போதுமானதாக இருந்தது.

பொங்கலுக்கு, நெடுநாள் கழித்து, மகளோடு ஊருக்குப் போனேன். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு இரண்டாம் முறை ஊற்ற வந்தவளிடம், தட்டைக் கையால் மறைத்து, "போதுங்க," என்றேன். அம்மா அகப்பையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெத்தவளப் பாத்து என்னளா 'ங்க' போடுத? நீ என்ன விருந்தாளியா?"

அதற்குள் "எனக்கு ஊத்துங்க, அம்மாயி," என்று மகள் தட்டை நீட்டினாள். திருப்பூர்ப் பக்கம் அம்மாவின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அம்மாயி என்பது தன்னைத்தான் என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை. குழம்பு சொட்டும் அகப்பையோடு, யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவள் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.