கோர்ட்டு வாசலில் நின்ற எங்கள் கரகம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வமணி அக்காவின் இடது கையில் மஞ்சள் காப்பைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை அதே கை உதகை நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் மாரியம்மன் கோயிலில் அதை மீறியவர் யாரும் இல்லை.

இந்த வருடம் சித்திரையில் நடந்தது இது. அம்மனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் கௌசல்யா. நீலகிரியில் பிக்கட்டிக்குக் கீழே இருக்கிற ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லைனில் சட்டம் படித்த முதல் ஆள் நான்தான். படிப்பை முடித்து வக்கீலாகப் பதிவு செய்த கையோடு உதகையில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஓராண்டுக்கு மட்டும். தற்காலிகம். சம்பளம் கிடையாது. வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பெடுப்பது, சாட்சிகளுக்குப் போன் செய்வது, வந்தவர்களை வராந்தாவில் உட்கார வைத்துத் தைரியம் சொல்வது, இதெல்லாம் என் வேலை. எனக்கு அது தேனாக இனித்தது. அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "கொழுந்து பறிச்சாலே கூலி குடுக்கறாங்க. கோட்டுப் போட்டுக்கிட்டுப் போறவளுக்கு ஒண்ணும் இல்லையாக்கும்?" என்று காலையில் டிபன் கட்டும்போதெல்லாம் கேட்பார்.

அலுவலகத்தில் என் கைக்கு வந்த வழக்குகளில் ஒன்று எங்கள் எஸ்டேட் வழக்கு. எங்கள் லைனில் இருக்கும் விஜயாவை அவள் புருஷன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டான். உயிர் பிழைத்தாள். வலது கை விரல்கள் மடங்குவதில்லை. விஜயா கோர்ட்டில் சொல்லிவிட்டாள்; ஆனால் அவள் சொன்னதை உறுதிசெய்ய வேறு சாட்சி வேண்டும். பார்த்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கூண்டில் ஏறி "நாங்க பாக்கலைங்க" என்று சொல்லிப் பிறழ்சாட்சி ஆகிவிட்டார்கள். மீதி இருந்தது செல்வமணி அக்கா. விஜயாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவர். மழை, மண்சரிவு, எதிர்த்தரப்பு வாய்தா என்று அவர் சாட்சியம் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் நீதிபதி, இதுதான் இறுதி வாய்ப்பு, செவ்வாய்க்கிழமை சாட்சி வராவிட்டால் அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்தது என்று பதிவு செய்துவிடுவேன் என்றார்.

அப்படிப் பதிவானால் அவன் விடுதலை. ஜாமீனில் மேட்டுப்பாளையத்தில் இருப்பவன் நேராக லைனுக்குத்தான் வருவான். விஜயாவின் வீட்டுக்கு.

எங்கள் மேடம், அதாவது அரசு வழக்கறிஞர், என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர் ஆளு. நீயே கூட்டிட்டு வந்துரும்மா" என்றார். பூரித்துப்போய்த்தான் ஊருக்கு வந்தேன். வந்து பார்த்தால் கையில் காப்பு.

"என்னக்கா இது? செவ்வாக்கிழம கோர்ட்டுன்னு தெரியாதா உங்களுக்கு?"

அக்கா வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும் கண்ணு. சம்மன் வெள்ளிக்கிழம வந்துச்சு. நேத்திக்கடன் போன வருசமே வச்சது. விஜயா பொழைச்சா தீச்சட்டி எடுக்கறேன்னு ஆஸ்பத்திரி வாசல்ல வச்சது. நீ வக்கீலாச்சே, எது மொதல்ல வந்ததுன்னு நீயே சொல்லு."

போனை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன். இன்னொரு தேதி கிடைக்காது என்றார். காணொளியில் சாட்சி சொல்ல வைக்க அனுமதி வாங்க நேரம் இல்லை, எங்கள் லைனில் சிக்னலும் இல்லை. நானே ஃபேக்டரி மேட்டில் ஏறி நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். "வாரண்ட் கேக்கலாம். போலீஸ் கூட்டிட்டு வரும். ஆனா காப்புக் கட்டின பொம்பளையப் போலீஸ் வண்டியில ஏத்தினா அது கூண்டுல வாயத் திறக்குமா?" என்று மேடமே கேட்டார். திறக்காது. எனக்கும் தெரியும்.

மேட்டிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். அழுதேன். விஜயாவுக்காக நேர்ந்த காப்பே விஜயாவுக்கு எமனாக வந்து நிற்கிறதே தாயே, இது என்ன நியாயம் என்று சண்டை போட்டேன். செல்வமணி அக்காவை அனுப்பு, அனுப்பு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூசாரி மாமா ஃபேக்டரியில் பாய்லர் பார்ப்பவர். அதிகம் பேச மாட்டார். என்னைப் பார்த்துவிட்டு, "அழுது என்ன பண்றது? நாளைக்குப் பூசையில பூ கேட்டுப் பாரு" என்றார். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூ வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். வலது தோள் பூ விழுந்தால் உத்தரவு. இடது விழுந்தால் மறுப்பு. எதுவும் விழாவிட்டால் அம்மனுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்று எழுந்து வந்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலைப் பூசைக்கு லைனே திரண்டுவிட்டது. விஜயா தூணோரம் நின்றாள். மடங்காத அந்தக் கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். மாமா செவ்வரளியை அம்மன் தோள்களில் வைத்தார். நான் கை கூப்பிக் கேட்டேன். "செல்வமணி அக்கா எல்லை தாண்டிப் போய்ச் சாட்சி சொல்லட்டுமா தாயே?"

பூ அசையவில்லை.

காத்திருந்தோம். கற்பூரம் எரிந்து அணைந்தது. மறுபடியும் ஏற்றினார்கள். அதுவும் அணைந்தது. பின்னால் யாரோ, "சாமிக்கே மனசில்ல, விடுங்கப்பா" என்றார்கள். செல்வமணி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். விஜயா தலை குனிந்தாள். மாமா பூவை எடுக்கக் கை நீட்டினார்.

அப்போது என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. நான் யோசித்து வைத்த கேள்வி இல்லை அது. படிப்பிலிருந்து வந்ததும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அவுங்களத் தனியா அனுப்ப மனசில்லன்னா நீ கூட வர்றியாம்மா?"

கேட்டு முடிக்கவில்லை. வலது தோள் பூ மாமாவின் நீட்டிய கையில் விழுந்தது.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாமா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அம்மன் போற எடமெல்லாம் நம்ம எல்லைதான். நாளைக்குக் கரகம் ஊட்டிக்குப் போகுது. காப்புக் கட்டினவுங்க எல்லாரும் கூட வாங்க."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கொழுந்து லாரியைக் கழுவி வேப்பிலை கட்டினார்கள். மாமா தலையில் கரகம். சுற்றிலும் மஞ்சள் சேலைப் பெண்கள். நடுவில் செல்வமணி அக்கா. லாரி மேலே ஏற ஏற மூடுபனி இறங்கிக்கொண்டே இருந்தது. ஊட்டியில் சீசன் கூட்டம் வேறு. சுற்றுலா வண்டிகள் நகராமல் நிற்கும் சாலையில் எங்கள் லாரிக்கு மட்டும் வழி திறந்துகொண்டே போனது. கரகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள்.

கோர்ட்டு வாசலில் காவலர் மறித்தார். "என்னம்மா இது, சாமி ஊர்வலமா?"

"இல்லைங்க சார். எங்க சாட்சிக்குத் துணை."

"துணைக்கு இத்தன பேரா? ஒருத்தர் வந்தாப் பத்தாதா?"

"ஒருத்தர்தாங்க சார் துணை. மாமா தலைல இருக்காங்க பாருங்க. மத்தவுங்க எல்லாம் அவுங்களுக்குத் துணை."

அவர் சிரித்துவிட்டார். உள்ளே கூட்டம் கூடாது, சத்தம் கூடாது, வெளியே ரோட்டோரமாக நில்லுங்கள் என்றார். அப்படியே நின்றார்கள். கரகத்தைத் தரையில் வைக்கக் கூடாது. அதனால் மாமா அதைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை.

செல்வமணி அக்கா வெறுங்காலோடு கூண்டில் ஏறினார். மேடம் கேட்கக் கேட்க, பார்த்ததைச் சொன்னார். யார் வெட்டியது, எங்கே நின்று வெட்டினான், விஜயா எந்தப் பக்கம் விழுந்தாள், எல்லாம். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். என்னைக் காட்டினார். "அரசு வழக்கறிஞர் ஆபீஸ்ல இருக்கிற இந்தப் பொண்ணு உங்க லைன்தானே? அதுதானே உங்களக் கூட்டிட்டு வந்து இப்படிச் சொல்லச் சொன்னது?"

என்னாலேயே வழக்கு கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்தேன்.

அக்கா நிதானமாகச் சொன்னார். "கௌசி சின்னப் புள்ளைங்க. அது என்னத்தக் கூட்டிட்டு வர்றது? என்னைய அம்மா கூட்டிட்டு வந்துச்சு."

"எந்த அம்மா?"

"வெளிய நிக்குது பாருங்க."

நீதிபதி ஜன்னல் பக்கம் திரும்பினார். நாங்களும் திரும்பினோம். பனி வாசலை முழுவதுமாக மூடியிருந்தது. ஆட்கள் தெரியவில்லை. வெண்மைக்கு நடுவில் கரகத்தின் வேப்பிலையும் பூவும் மட்டும் தனியாக நின்றன. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

வக்கீல் மறுபடி அக்காவிடம் திரும்பினார். "விரதம் இருக்கீங்க. மயக்கத்துல ஏதோ சொல்றீங்க."

"விரதத்துல பொய் சொன்னாத்தாங்க மயக்கம் வரும்" என்றார் அக்கா.

அதற்கு மேல் கேள்வி இல்லை என்று வக்கீல் உட்கார்ந்தார்.

கோடை முடிவதற்குள் தீர்ப்பு வந்தது. அவனுக்குத் தண்டனை. அன்று மாலை விஜயா தன் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவன் வெட்டிய பிறகு அந்தக் கதவு திறந்திருந்து நான் பார்த்தது அன்றுதான்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய வக்கீலிடம் சம்பளத்தோடு இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். போகவில்லை. என் ஓராண்டு முடியட்டும். வராந்தாவில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சாட்சியின் பக்கத்திலும் இப்போது எனக்கு ஒரு காலியிடம் தெரிகிறது. அது காலி இல்லை என்றும் தெரிகிறது. வீட்டில் என் அம்மா இன்னும் டிபன் கட்டிக்கொண்டே முனகுகிறார். ஆனால் இப்போது ஒரு கவளம் கூடுதலாக வைக்கிறார், வெறும் வயிற்றோடு வருகிற சாட்சிக்கு.

என்னைவிடப் பெரிய துன்பத்தில் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம். கேட்டும் பூ விழவில்லையே என்று மனம் விட்டுப்போயிருக்கலாம். எழுந்து வந்துவிடாதீர்கள். இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். அதையும் அம்மனே உங்கள் வாயில் வைப்பாள். வைத்ததைக் கேட்டவள் நான். வந்து நின்றதைப் பார்த்தவளும் நான்.