சோதனைக் கணக்கு இரண்டு

அவனை எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். எழுதி முடித்ததும் 'வெளியிடு' என்று அழுத்துகிறோமே, அந்தப் பொத்தானுக்கு நிறம் தேர்ந்தெடுக்கவே மூன்று வாரம் எடுத்துக்கொண்ட மகானுபாவன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை, நான்கு பேர், ஓயாமல் இரையும் ஒரு மின்விசிறி. யார் வேண்டுமானாலும் வலைப்பதிவு எழுதலாம், கருவியை நாங்கள் தருகிறோம் என்று உலகத்தையே புரட்டிப்போடக் கிளம்பினார்கள். ஒன்பது வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக எதைச் செய்தாலும் முதலில் வீட்டு மனிதர்களின் பதிவுகளில்தான் போட்டுப் பார்ப்பார்கள். கோளாறானால் திட்டு வாங்குவதோடு போயிற்று; வெளியாள் என்றால் மானம் போகும். அதனால் உறவுக்காரர்களின் கணக்குகளுக்கெல்லாம் 'சோதனை' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். பொத்தானின் அக்காவுடையது சோதனை இரண்டு.

அக்கா தன் மகளைப் பற்றி எழுதினாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கேட்ட கேள்வி, போட்ட சண்டை, கூசாமல் சொன்ன பொய் என்று ஒன்று விடவில்லை. ஆறு வயதில் ஒரு காய்ச்சல் குழந்தையைக் கொண்டுபோய்விட்டது. அதோடு அக்கா எழுதுவதை நிறுத்தினாள். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நிறுவனத்தை மூடுவது என்று முடிவானபோது பொத்தான் நேர்மையாகத்தான் நடந்துகொண்டான். எழுதிய ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினான். அவரவர் எழுத்தை எடுத்துக்கொள்ள மூன்று மாதம் அவகாசம் கொடுத்தான். பதில் போடாதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு நச்சரித்தான். சோதனைக் கணக்குகளுக்கு மட்டும் மின்னஞ்சல் போகாது. அவற்றை முதல் நாளே மொத்தமாகத் துடைத்தெறிந்தான், நகல்களையும் சேர்த்து. முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் எழுத்தைக் காப்பாற்றிய புண்ணியவானுக்குச் சொந்த அக்கா நினைவுக்கு வரவில்லை. வந்தபோது ஐந்து நாள் ஆகியிருந்தது. தலைகீழாக நின்று பார்த்தான். ஒன்றும் மிஞ்சவில்லை. நமக்கே அவனைத் திட்டவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை.

நான்கு வருடம் அக்கா கேட்கவில்லை, இவனும் வாய் திறக்கவில்லை. இப்போது ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பழுது பார்க்கிறான். அக்காவிடமிருந்து அழைப்பு வந்தால் கடைசி மணிவரை அடிக்கவிட்டுத்தான் எடுப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டுக்கு வந்தாள்.

"டேய், பாப்பாவப் பத்தி நான் எழுதினதெல்லாம் நீ எடுத்து வெச்சிருப்பியே. குடுடா."

"இப்ப எதுக்குக்கா?"

"அவ எப்படிப் பேசுவான்னு மறந்துக்கிட்டே வருதுடா. முகம் போட்டோவுல இருக்கு. பேச்சு அதுல மட்டும்தான் இருக்கு."

"அழிஞ்சிடுச்சுக்கா" என்றான் பொத்தான். சொன்னதும் அதுவும் ஒரு பொய்யாகப் பட்டது. "நான்தான் அழிச்சேன். தெரியாம."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி விடு. அப்பல்லாம் நீதான் தினமும் அதத் திறந்து பார்ப்பியே. ஞாபகம் இருக்கறத ஒண்ணொண்ணா சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

தினமும் திறந்தான், உண்மைதான். எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா, படம் ஓரத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினான். ஒரு வரிகூடப் படித்ததில்லை.

அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"ம், சொல்லு" என்றாள்.