நன்மை வாங்க நின்றவர்கள்

கடையில் பிரிண்டருக்குக் கீழே உள்ள இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. நீல அட்டை. மூலையில் மழைத்தண்ணீர் பட்டுக் காய்ந்த கறை. உள்ளே பதினோரு பக்கங்கள், அடித்தல் திருத்தல் இல்லாத டீச்சர் கையெழுத்து. ஸ்டேப்ளர் முள் தீர்ந்தால் அந்த இழுப்பறையைத்தான் திறக்க வேண்டும். திறக்கும்போதெல்லாம் நோட்டு கண்ணில் படுகிறது. முள்ளை எடுத்துக்கொண்டு சட்டென்று மூடிவிடுகிறேன்.

நெல்லித்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, தமிழில் எழுதி வருவதை ஆங்கிலமாக்கித் தட்டச்சு செய்வது எல்லாம் உண்டு. ‘பாய் கடையில் குடுத்தா இங்கிலீஷ் சுத்தமா இருக்கும்’ என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை மற்றவர்களைவிட அதிகமாக நம்பியவன் நான்தான். டீச்சர் எங்கள் தெரு தாண்டி இருந்த தனியார் பள்ளியில் தமிழ் எடுத்தார். கேள்வித்தாள் நகலெடுக்க வருவார். மில் தொழிலாளியின் மகள். அப்பா காலமாகிவிட்டார், படுக்கையில் இருந்த அம்மாவை டீச்சர்தான் பார்த்துக்கொண்டார். அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்திருந்தார். ஒரு திங்கட்கிழமை இந்த நோட்டைக் கொண்டுவந்து வைத்து, ஏதோ தப்புச் செய்தவர்போலக் குரலைத் தணித்துக்கொண்டு, “பாய், பிஎச்.டி.க்குப் போடப்போறேன். சமயவியல். வெள்ளிக்கிழமை கடைசி நாளு” என்றார். அதற்கான உதவித்தொகை இருந்தால்தான் வேலையை விட்டுவிட்டுப் படிக்க முடியும். அதற்குரிய வயது வரம்பு அந்த வருடத்தோடு அவருக்கு முடிகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “சிரிக்காதீங்க” என்று அவரே சிரித்தார்.

சான்றிதழ்களை ஸ்கேன் செய்தேன். சாதிச் சான்றிதழில் பட்டியல் சாதி, இந்து என்று இருந்தது. நெற்றியில் பொட்டு, தலையில் கனகாம்பரம். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

நோட்டை நான் வெள்ளிக்கிழமை காலையில்தான் பிரித்தேன். மூன்று நாள் கல்யாணப் பத்திரிகை வேலை என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் எழுதியிருந்தது அவருடைய அப்பாவைப் பற்றி, அவர் தெரு ஆட்களைப் பற்றி. கோயிலில் அவர்கள் ஒரு பக்கமாக உட்காருவார்கள். தேருக்கு வடம் பிடிக்கக் கூப்பிட மாட்டார்கள். நன்மை வாங்குவதற்கு எல்லாரும் எழுந்து போனபிறகு, கடைசியாகப் போவார்கள். ‘கடைசியாகப் போகும்படி யாரும் சொன்னதில்லை. அப்பாவின் கால் தானாகவே காத்திருக்கும்’ என்று ஒரு வரி. ஏன் அந்தக் கால் காத்திருந்தது என்பதுதான் அவர் ஆராய நினைத்தது. நான் கோயிலுக்கு டெம்பிள் என்று போட்டேன். நன்மைக்கு பெனிஃபிட்ஸ் என்று போட்டேன். கோயிலில் அரிசியோ வேட்டியோ கொடுக்கிறார்கள், இவர்கள் வரிசையில் கடைசி என்று புரிந்துகொண்டேன். பதினோரு பக்கத்தையும் ஒரு சந்தேகம் இல்லாமல் அடித்து முடித்தேன்.

அன்று மழை லீவு. டீச்சர் பன்னிரண்டு மணிக்கு நனைந்துகொண்டே வந்தார். “ஒருக்கா படிச்சுப் பாத்துடட்டுமா பாய்?” என்றார். சாயங்காலம் சர்வர் படுத்துவிடும், இப்போதே ஏற்றிவிடலாம் என்றேன். அதோடு, “பள்ளிக்கு நேரமாச்சு டீச்சர்” என்றேன். அவர் வெளியே மழையைப் பார்த்தார். “மழைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் லீவாச்சே, எந்தப் பள்ளிக்குப் போறீங்க?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்குப் பள்ளி என்றால் பள்ளிவாசல், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று விளக்கினேன். “தமிழ் டீச்சருக்கே தமிழ் சொல்லித்தர வேண்டியிருக்கு” என்று கேலியும் செய்தேன். அவரும் சிரித்தார். ஒரே சொல் ஆளுக்கொரு பொருள் தரும் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு, அடுத்த நொடி டெம்பிள் என்று அடித்த கோப்பை ஏற்றினேன். பிரிண்டர் ஈரத்தில் மக்கர் செய்தது. ஒப்புகைச் சீட்டை மட்டும் எப்படியோ எடுத்துக் கொடுத்தேன். மற்றதை அப்புறம் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். அதையும் மறந்தேன்.

நேர்காணல் முடிந்த மறுநாள் டீச்சர் கடைக்கு வந்து அந்தக் கோப்பைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். கவுண்டரிலேயே நின்று வாசித்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கோடிட்டுக்கொண்டே போனார். பிறகுதான் பேசினார்.

“எந்த அம்மன் கோயிலு, என்னென்ன தராங்கன்னு கேட்டாங்க பாய். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் பேப்பரைத் திருப்பிக் காட்டுனாங்க. இது சர்ச்சுங்க சார்னேன். சர்ச்சை ஏன் இப்புடி எழுதினீங்கன்னாரு. நாங்க கோயில்னுதான் சார் சொல்லுவோம்னு வாயில வந்துட்டுது. நாங்கன்னா யாரு, நீங்க கிறிஸ்தவங்களான்னாரு. சர்ட்டிபிகேட்டு அவரு கையிலதான் இருக்குது.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கிறிஸ்தவர் என்று எழுதினால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அதனால் டீச்சரின் அப்பா மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது இந்து என்று எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மதம், தாலுகா ஆபீசுக்கு ஒரு மதம். இதை நம் ஊரில் அறியாதவர் யார்? அவர் விண்ணப்பித்திருந்த இடமும் அந்தச் சலுகையில்தான். நன்மை என்றால் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம் என்றும் அப்போதுதான் சொன்னார்.

“கிறிஸ்தவங்களான்னு மூணு தரம் கேட்டாங்க பாய். மூணு தரமும் இல்லன்னுட்டேன்” என்றார். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வயது தாண்டிவிட்டது.

டீச்சர் கடையை மாற்றவில்லை. இன்றும் கேள்வித்தாளோடு வருகிறார். போன மாதம் நகலுக்குக் காத்திருந்தபோது, “அந்த நோட்டு உங்ககிட்ட இருக்கா பாய்? அப்பாவப் பத்தி அதுலதான் எழுதுனேன். வேற எங்கயும் எழுதி வைக்கல” என்றார். கொடுத்துவிடத்தான் உள்ளே போனேன். கொடுக்குமுன் ஒரு தடவை புரட்டினேன். பதினோரு பக்கத்துக்குப் பிறகு வெற்றுத் தாள்கள். கடைசித் தாளில், பாடப்புத்தகத்தில் பாடம் முடிந்ததும் வருமே, அதுபோலச் சொற்பொருள் என்று தலைப்பிட்டு வரிசையாக எழுதியிருந்தார். கோயில் – சர்ச். பூசை – மாஸ். சாமியார் – ஃபாதர். நன்மை – கம்யூனியன். அடியில், ‘சந்தேகம் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள் பாய்’ என்று இருந்தது.

சிவப்புப் பேனாவோடு கவுண்டரில் நின்ற அன்று இந்தப் பக்கம் இருப்பது அவருக்குத் தெரியும். அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

நோட்டை இழுப்பறையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். “இல்ல டீச்சர், பழைய பேப்பர்ல போயிட்டுது போல” என்றேன். “பரவால்ல, உடுங்க” என்று நகல்களை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய அப்பா கடைசி ஆளாக நன்மை வாங்கப் போவது இந்த உலகத்தில் அந்தப் பதினோரு பக்கத்தில்தான் இருக்கிறது. நாள் முழுக்க ஊருக்கே நகலெடுத்துக் கொடுக்கிறேன். அதை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.