மெயின்லேண்டுக்குக் கட்டிய சாமான்

அந்தமானில், மாயாபந்தர் கப்பல் ஜெட்டியில் இறங்கி அன்னம்மாள் மெஸ் எங்கே என்று கேட்டால், கேட்டவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தகரக் கூரை, மூங்கில் தட்டி, உள்ளே இரண்டு நீளப் பலகை, பின்னால் அடுப்படி. அவ்வளவுதான் மெஸ். ஆனால் அங்கே ஒருமுறை இலை போட்டு உட்கார்ந்த தமிழ்ப் பையன் அப்புறம் வேறு எங்கும் கை நனைக்கமாட்டான். பி.டபிள்யூ.டி. குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், தபால் ஆபீஸ்காரர் என்று எல்லாம் கல்யாணம் ஆகாத கூட்டம், ஆகியிருந்தால் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த கூட்டம். சாம்பாரில் உப்புக் கூடினால் முகத்தைச் சுளிப்பார்கள். அன்னம்மாள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தால் அதே முகத்தோடு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்கள்.

புருஷன் மர டிப்போ வேலைக்கு என்று கூட்டிக்கொண்டு வந்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். “அங்க போய் யார் வீட்டு வாசல்ல நிக்கது?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பு மூட்டினாள். அந்த அடுப்புதான் மெஸ் ஆனது. மெஸ் போனால் இந்தத் தீவில் அவளுக்கு வேறு ஒன்றுமில்லை. இதை மறந்துவிட வேண்டாம், கதை முழுக்க இதில்தான் நிற்கிறது.

அறுபத்துநாலாம் வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. அடுப்புப் புகை என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், சளியில் சிவப்பைப் பார்க்கிறவரைக்கும். பார்த்த அன்றைக்கே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அந்தத் தைரியத்தை மட்டும் சும்மா சொல்லக்கூடாது.

டாக்டர் வங்காளி. சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டி.பி. ஹை, அன்னம்மா” என்றார்.

அன்னம்மாளுக்குக் காது அடைத்துப்போனது. கோவில்பட்டிப் பக்கத்தில் அவளுடைய நாத்தனாருக்கு வந்த வியாதி இது. தொழுவத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்து, சோற்றுத் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டார்கள். அந்தத் தட்டு தரையில் உரசுகிற சத்தம் இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்குக் கேட்டது. பயந்துவிட்டாள். டாக்டர் முன்னால் அழவும் செய்தாள்.

டாக்டர் அழுது முடிக்க விட்டார். பிறகு இந்தியில் நிதானமாகச் சொன்னார். அந்தக் காலம் வேறு, இப்போது மருந்து இருக்கிறது. முதலில் தினம் ஊசி, அப்புறம் ஒன்றரை வருஷம் மாத்திரை. வாய் கசக்கும், வயிறு புரட்டும், தலை சுற்றும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறினது மாதிரி இருக்கும், அப்போதுதான் எல்லோரும் ஏமாந்துபோய் மாத்திரையைத் தூர எறிவார்கள். “பீச் மே சோட்னா நஹீ. பாதியில் விடுகிறதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.” மருந்து அடுத்த கப்பலில் வருகிறது. அதற்குள் எங்கே படுப்பாய், என்ன சாப்பிடுவாய், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொள். மனசையும் தயார் பண்ணிக்கொள். சளி சுத்தமாகிறவரை அடுப்புப் பக்கம் போகாதே. “மெஸ் நடக்கட்டும், உன் கைதான் வேண்டாம்” என்றார்.

சொல்வது அவருக்கு என்ன, சுலபம்! அவர் மெஸ் வைத்து நடத்தினாரா?

வீட்டுக்கு வரும் வழியிலேயே அன்னம்மாள் கணக்குப் போட்டுவிட்டாள். இந்த வியாதியின் பெயர் வெளியே தெரிந்தால் மறுநாள் ஒரு இலை விழாது. ஆகவே தெரியக்கூடாது. போர்ட் பிளேருக்குப் போய்விட வேண்டும். அங்கே லம்பா லைனில் அவளுடைய சித்தி மகள் ஜெயலட்சுமி இருக்கிறாள், அவள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு அந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஆனால் போர்ட் பிளேர் போகிறேன் என்று சொன்னால் ஆபத்து. ஆபீஸ் வேலையாக மாதம் ஒருத்தனாவது அங்கே போவான், “அக்காவைப் பார்த்துட்டு வந்துடலாம்” என்று வந்து நிற்பான். ஆகவே மெயின்லேண்டு, அதாவது கடல் தாண்டி ஊருக்கே போகிறேன் என்று சொல்லிவிட வேண்டியது. அக்கா மகள் கல்யாணம், பிறகு கோயில் குளம், அப்படியே கொஞ்ச நாள். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

பக்கத்து வீட்டுச் சம்சாத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். ஜவுளிக்கடை உதுமானின் மனைவி, கீழக்கரைக்காரி. அன்னம்மாளுக்குக் கைச் சுளுக்கு என்று சொல்லி அன்றிலிருந்து அவள்தான் மெஸ்ஸில் சமைத்தாள். அன்னம்மாள் முற்றத்தில் பலா மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அதிகாரம் பண்ணினாள்.

“மெயின்லேண்டுன்னு சொல்றீகளே அன்னக்கா, யோசிச்சுத்தான் சொல்றீகளா?” என்று சம்சாத் கேட்டாள்.

“எல்லாம் யோசிச்சாச்சு. நீ புளியைக் கரை.”

எதை யோசித்தாளோ! அந்தமானில் இருந்துகொண்டு ஒரு மனுஷி மெயின்லேண்டு போகிறேன் என்று வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை அவள் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் மற்றவர்கள் போகும்போதெல்லாம் இவளும் பொட்டலம் கொடுத்து அனுப்பினவள்தான்.

சொன்ன மறுநாளே ஆரம்பித்தது. திருநாவுக்கரசு வாத்தியார் ஒரு மணைப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல படாக் மரம், செக்கச் செவேல் என்று. “கும்பகோணத்துல என் பொண்ணுகிட்ட சேர்த்துடு அன்னம்மா. அவ கல்யாணத்துக்கு ஆகும்.” தபால் ஆபீஸ் கிருஷ்ணமூர்த்தி ஒரு சாக்குப் பாக்கைக் கொண்டுவந்து இறக்கினான். ஒருவன் சங்கு கொண்டுவந்தான், ஒருவன் தேன் கொண்டுவந்தான், மெஸ்ஸில் சாப்பிடாத தெலுங்குக்காரர் ஒருவர்கூட, “மதராஸ் வழியாத்தானே?” என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். அவள் படுக்கிற பின்னறையில் கால் வைக்க இடமில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? போகிறவள் வேண்டாம் என்று சொல்கிற வழக்கமே இங்கே கிடையாது.

அன்னம்மாள் அசரவில்லை. உதுமான் ஜவுளி எடுக்க நிஜமாகவே மதராஸ் போகிறான், அவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டாள். சம்சாத் தலையில் அடித்துக்கொண்டாள். “மச்சான் ஒரு மனுசனா, இல்ல மாட்டு வண்டியா?”

அதற்குள் பன்னீர்செல்வம் வந்தான். பி.டபிள்யூ.டி. குமாஸ்தா, தஞ்சாவூர்ப் பையன், தாயில்லாதவன். கையில் பொட்டலம் எதுவும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு பலா மரத்தடியில் நின்றான்.

“என்னலே, நீ என்னத்தத் தூக்கிட்டு வந்த?”

“ஒண்ணுமில்லக்கா. பாபநாசத்துல ஒரு பொண்ணு சொல்லியிருக்காங்க. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுல பொம்பளைன்னு யாரு இருக்கா? நீங்க ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. நீங்க சரின்னா எனக்குச் சரி. எங்க அக்கா வர்றாங்கன்னு அவங்களுக்கு எழுதிப் போட்டுட்டேன்.”

அன்னம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னக் கேக்காம எதுக்குலே எழுதின?”

“நீங்க மாட்டேன்னா சொல்லப்போறீங்க?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பலகையை உதுமான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான், பாக்கைக் கொடுத்துவிடுவான், பெண்ணை யார் போய்ப் பார்ப்பது? அங்கே ஒரு வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பலகாரம் செய்து வைத்துக்கொண்டு, அக்கா வருவாள் வருவாள் என்று வழி பார்ப்பார்கள். இவள் லம்பா லைனில் ஒளிந்து படுத்திருப்பாள். தன் வியாதியை மறைக்கப் போய் ஒரு பையனின் வாழ்க்கையில் மண்ணைப் போடுவதா? நினைக்க நினைக்கத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு இப்படித் தினம் ஒரு புளுகை வளர்த்துக்கொண்டு மருந்தும் தின்ன முடியுமா? பாதியில் விட்டுவிட்டு ஓடி வரத்தான் தோன்றும். டாக்டர் மனசையும் தயார் பண்ணச் சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை காத்திருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லிச் சோற்றைக் கெடுக்கக்கூடாது என்பது அவள் கணக்கு. பிறகு முற்றத்தில் முக்காலியை விட்டு எழுந்து, தள்ளி நின்றபடியே சொன்னாள்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நான் மெயின்லேண்டும் போகல, கீன்லேண்டும் போகல. எனக்குக் கையும் சுளுக்கல. எனக்கு டி.பி. வந்திருக்கு. தெரிஞ்ச நாள்ல இருந்து நான் அடுப்பத் தொடல, சம்சாத்துதான் பொங்கிப் போடுதா. அதுக்கு முந்தி என் கையால தின்னிருக்கீங்க. அதனால ஒருத்தர் பாக்கியில்லாம நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி சளியக் காட்டிட்டு வாங்க. மறைச்சது தப்புதான். சாமானெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு, எடுத்துக்கிடுங்க. வேற மெஸ்ஸுக்குப் போறவங்க போகலாம், நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்.”

கடைசி வார்த்தை பொய். நினைக்கத்தான் செய்வாள்.

முதலில் எழுந்தது கிருஷ்ணமூர்த்தி. உள்ளே போய்ப் பாக்குச் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அன்னம்மாள் நின்ற பக்கம் பார்க்காமல், சுற்றுவழியாக நடந்து தெருவில் இறங்கினான். மூன்று வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன். அன்னம்மாளுக்கு நெஞ்சு எரிந்தது. போகட்டும், ஒருத்தனைத் தொடர்ந்து எல்லோரும் போவார்கள் என்று கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருநாவுக்கரசு வாத்தியார் செருமினார். “சளி எடுக்க எத்தனை மணிக்குப் போகணும்? எனக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடம்.”

“காலையிலேயே போகலாம் வாத்தியாரய்யா. உங்க பலகைய எடுத்துக்கிடுங்க. உதுமான் மதராஸ் போறாரு, அவருகிட்டக் குடுத்தா...”

“உதுமான் பாய்கிட்டயா?” வாத்தியாருக்குக் கோபமே வந்துவிட்டது. “பலகை போறதா பெரிசு? அங்க என் பொண்ணு, அப்பா எப்படி இருக்காரு, நேரத்துக்குச் சாப்பிடறாரா, இளைச்சுப் போனாரான்னு கேப்பா. உதுமான் பாய் என்னத்தச் சொல்லுவார், அப்பாவுக்கு எத்தனை கஜம் துணின்னா? நீ போறப்ப எடுத்துட்டுப் போ.”

“நான் எங்க போறது? ஒன்றரை வருஷம் மருந்து திங்கணும்!”

“தின்னுட்டுப் போ. அவளுக்குக் கல்யாணம் அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம்தான்.”

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சங்கு கெட்டுப்போகுமா, இருக்கட்டும். தேனுக்கு என்ன வயசு, இருக்கட்டும். அன்னம்மாள் பன்னீர்செல்வத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஏலே பன்னீரு, உன் விஷயத்துலதான் எனக்கு ஆறல. உடனே தந்தி அடி. வேற யாரையாவது அனுப்பிப் பாக்கச் சொல்லு.”

“பொண்ணு டீச்சர் டிரெயினிங்குக்கு இப்பத்தான் சேர்ந்திருக்கு. முடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும்க்கா.”

“அப்புறம் எதுக்குடா அவசர அவசரமா என்னைப் பாக்கச் சொன்ன?”

“நீங்க போறேன்னீங்க. அதான்.” பிறகு குனிந்துகொண்டு சொன்னான்: “அக்காவுக்கு உடம்பு சரியில்ல, குணமானதும் வருவாங்கன்னு எழுதிடறேன். பொறுக்கமுடியாதுன்னா அவங்க வேற இடம் பார்த்துக்கட்டும். எனக்கு நீங்கதான் பார்க்கணும்.”

அன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று. பாதி முகம் மறைந்திருந்தது.

அதன் பிறகு லம்பா லைனைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாள் காலை மெஸ்ஸே ஊர்வலமாக ஆஸ்பத்திரிக்குப் போனது. டாக்டர், “என்ன, ஸ்டிரைக்கா?” என்று கேட்டார். எல்லோர் சளியும் சுத்தம் என்று தெரிகிறவரை அன்னம்மாள் வேண்டாத தெய்வமில்லை. தெரிந்த பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பன்னீர்செல்வத்தை விட்டுப் பின்னறைத் தகரத்தை வெட்டி, காற்று வர ஒரு ஜன்னல் வைத்தாள். தட்டு, தம்ளர், செம்பு எல்லாம் தனியாக எடுத்து வைத்தாள். முட்டைக்குக் கோழி வாங்கிவிட்டாள், மீனுக்கு டோங்கிப் படகுக்காரனிடம் சொல்லி வைத்தாள். மாத்திரை தின்ன மாட்டேன் என்று அடம் பிடித்தால் தன்னைத் திட்டுகிற அதிகாரத்தைச் சம்சாத்துக்குக் கொடுத்தாள்.

“அடிக்கலாமா?” என்று சம்சாத் கேட்டாள்.

“வாயால மட்டும்” என்றாள் அன்னம்மாள்.

பொட்டலங்களை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் அடுக்கி, மேலே பழைய வேட்டி போட்டு மூடினாள். படுத்தால் கண்ணுக்கு நேரே தெரியும். பயம் போய்விட்டது என்று சொல்லமுடியாது. சில சமயம் அந்தத் தட்டு உரசுகிற சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால் இங்கே தட்டைத் தள்ளிவிடக் கம்பு யார் கையிலும் இல்லை. சம்சாத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஊர் வம்பு பேசினாள்.

கப்பல் வந்தது. மருந்துப் பெட்டி ஜெட்டியில் இறங்குவதைப் பன்னீர்செல்வம் கண்ணால் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னான். அன்னம்மாள் தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டாக்டர் ஊசியைக் கொதிக்கிற வெந்நீரிலிருந்து எடுத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

“தையார் ஹோ, அன்னம்மா? நடுவில் விட்டுவிட மாட்டாயே?”

“எப்படி விடறது டாக்டர் பாபு?” கையை நீட்டினாள். “ஜல்தி போடுங்க. நான் மெயின்லேண்டு போகணும். சாமானெல்லாம் கட்டி வச்சாச்சு.”