புதுவாயலில் பல் எண்ணிய நாள்

காலை ஆறு மணி ரயிலில் திருவாலங்காட்டிலிருந்து கிளம்பினேன். திருவள்ளூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கே பல் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குவது என் வேலை. அன்று மட்டும் வேறு வேலை. டாக்டரம்மாவோடு ஊர் ஊராகப் போய் எண் எழுதும் பெண்ணுக்குக் காய்ச்சல். "அஞ்சாவது படிச்சிருக்கீங்களே, நம்பர் எழுதினா போதும்மா" என்று முந்தின நாள் டாக்டரம்மா கேட்டார். முடியாது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஏழே காலுக்கு வேன் புறப்பட்டது. பெரியபாளையத்தில் நாஷ்டா, இட்லி ஒன்று பத்து ரூபாய். எனக்குக் கடைவாயில் பல் கிடையாது, மெதுவாகத்தான் சாப்பிடுவேன்.

"இன்னாம்மா, இட்லிய வாயில ஊற வச்சிக்கினு கீறியா?" என்றார் டிரைவர். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆரணி வழியாகப் போகும்போது டாக்டரம்மா வேலையை விளக்கினார். சில வருடங்களுக்கு முன் இதே ஊர்களில் சொத்தைப் பற்களை எண்ணியிருக்கிறார்கள். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று இப்போது மறுபடி எண்ணுகிறார்கள். எல்லோரையும் பார்ப்பதில்லை. சீட்டுக் குலுக்கி, பெயர் விழுந்தவர்களை மட்டும். நல்ல பல்லுக்குச் சுழி, சொத்தைக்கு ஒன்று, அடைத்ததற்கு மூன்று, சொத்தையால் போன பல்லுக்கு நான்கு.

எட்டே முக்காலுக்குப் புதுவாயல் கூட்டுரோடு. கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, சர்ச்சை ஒட்டிய ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பெயர் விழுந்தவர்கள் ஜன்னல் பக்கம் தலை வைத்துப் பெஞ்சில் படுக்க வேண்டும். டாக்டரம்மா தலைமாட்டில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்கு முகமே தலைகீழாகத்தான் தெரியும். நான் கால்மாட்டில், மேசையோடு. அவர் சொல்லும் எண்ணை நான் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

"சத்தமாம்மா, கேக்கல."

என் குரல் மேசையைத் தாண்டவில்லை. இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கல்பனா என்ற பெயரைக் கூப்பிட்டார்கள். வயது முப்பத்தெட்டு. எல்லாம் சுழி. எனக்குத் தெரிந்தது கால்கள்தான்: கொலுசு, சிவப்பு நெயில் பாலிஷ்.

பத்துப் பேருக்கு ஒருவரை மதியத்துக்கு மேல் திரும்ப எண்ணுவார்கள், காலைத் தாளைப் பார்க்காமல். இரண்டும் ஒத்துப்போனால்தான் டாக்டரின் கண் சரி. இல்லையென்றால் அந்த வாரம் எண்ணியதெல்லாம் வீண். அன்று அப்படித் திரும்பக் கூப்பிட்டது கல்பனாவை.

மணி மூன்று. "ஒண்ணு, ஒண்ணு, நாலு, ஒண்ணு" என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"காலைல எல்லாம் சுழி போட்டிருக்கேன். என் கண்ணுக்கு என்னம்மா ஆச்சு? ஆறு நாள் வேலை."

எனக்குத் தெரியும். இப்போது பெஞ்சிலிருந்து இறங்கிய காலில் கொலுசும் இல்லை, பாலிஷும் இல்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னால் அந்தப் பெண் கூசிப்போவாள். குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"காலைல வந்தது யாரும்மா?"

"பக்கத்து ஊட்டு ரோஸிக்கா. ஏன், தப்பா?"

"ஏன் அவங்கள அனுப்பின?"

"நம்ம தெருவத் தேடிக்கினு டாக்டருங்க வராங்க. வந்தவங்களுக்கு ஓட்டைப் பல்லயா காட்றது? ரோஸிக்காவுக்குப் பல்லு சூப்பரா கீது. இப்ப அது அர நாள் ஷிப்டுக்குப் பூட்ச்சி. நீங்க திரும்பக் கூப்டுவீங்கன்னு நாங்க இன்னா கண்டோம்?"

அவளை எப்படித் திட்டுவது? டாக்டரம்மாவின் ஆறு நாள் வேலையைச் சொன்னேன். அவள் தலை குனிந்து நின்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாயை மறைத்திருந்த முந்தானையை எடுத்துவிட்டுத் திறந்து காட்டினேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, உனக்கு எல்லாமே நாலா கீது" என்று சிரித்தாள். பிறகு நேராக ஹாலுக்குள் போனாள்.

"டாக்டர், ஒங்க கண்ணு நல்லாத்தான் கீது. வாயிதான் வேற."

விஷயம் புரிந்ததும் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டென்று நிறுத்தி, ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"வேற யாராவது ஆள் அனுப்பினீங்களா?"

இரண்டு கைகள் மெல்ல உயர்ந்தன. ஒருத்தி தங்கையை அனுப்பியிருந்தாள், ஒருத்தி ஓரகத்தியை.

சீட்டில் பெயர் விழுந்தவர்களையே படுக்க வைத்துத் திரும்ப எண்ணினோம். கல்பனாவை ஐந்து மணிக்கு இன்னொரு தடவை பார்த்தார். மூன்று மணித் தாளோடு பல்லுக்குப் பல் ஒத்துப்போனது. நான் திருப்பிச் சொன்னது வெளியே வேன் வரைக்கும் கேட்டதாம், டிரைவர் சொன்னார்.

"இந்த ஒண்ணெல்லாம் நாலு ஆவறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்று டாக்டரம்மா கல்பனாவிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்குள் ஷிப்ட் முடிந்து ரோஸி வந்துவிட்டார்.

"என் பல்லக் கணக்குலேர்ந்து அடிச்சிட்டீங்களாமே? நல்ல பல்லு ஒண்ணுகூட வேணாவா ஒங்களுக்கு?"

"சீட்டுல உங்க பேரு விழலையே அக்கா" என்றார் டாக்டரம்மா.

"இன்னா ஆஸ்பத்திரியோ" என்று முனகிக்கொண்டே போனார்.

ஆறு மணிக்குப் புதுவாயலை விட்டுப் புறப்பட்டோம். ஆரணி தாண்டியதும் டாக்டரம்மா கேட்டார்: "உங்க ஊர்ல உங்க பேருக்குச் சீட்டு விழுந்திருந்தா வந்திருப்பீங்களாம்மா? உண்மையச் சொல்லுங்க."

திருவாலங்காட்டில் எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். வாசலில் டாக்டர்கள் வந்து நிற்கிறார்கள் என்றால் என்ன செய்திருப்பேன்?

"என் மருமவளத்தான் அனுப்பியிருப்பேன். அவளுக்கு வரிசையான பல்லு."

கொஞ்ச தூரம் போனபின் டாக்டரம்மா வேனில் விளக்கைப் போடச் சொன்னார். மற்ற ஐந்து நாள் தாள்களையும் பையிலிருந்து எடுத்து, முழுக்கச் சுழியாக இருந்தவற்றைத் தனியாகப் பிரிக்கத் தொடங்கினார். தாள்களில் பாதியை என் மடியில் வைத்தார்.