பொலித்தீன் கழற்றாத சீற்

சோமசேகரத்தார் எந்தச் சாமானையும் அது வந்த உறையோடேயே வைத்திருக்கிற மனுசன். வீட்டுக்குள் கால் வைத்தால் தெரியும். றிமோட்டுக்கு ஒரு பொலித்தீன் பை, அதற்கு மேல் றப்பர் வளையம். செற்றியில் கடைக்காரன் போட்டுக் கொடுத்த கண்ணாடித் தாள் இன்னும் அப்படியே கிடக்கிறது. வெயில் நாளில் அதில் இருந்து எழும்புகிறவர் பாவம், பாதித் தோலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் எழும்ப வேண்டும். மகளின் கலியாணப் படத்துக்கும் உறை உண்டு. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் படத்தை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடிக்க வேண்டும்.

மனுசன் கப்பல்காரர். காங்கேசன்துறையில் பிறந்து, வாலிபம் முழுவதையும் வெளிநாட்டுக் கப்பல்களில் கழித்தவர். உப்புக் காற்று இரும்பைத் தின்பதைக் கண்ணால் கண்டவர். கப்பலில் எதையும் துடைப்பார்கள், பூசுவார்கள், தார்ப்பாய்ப் படங்கால் மூடி இறுக்கிக் கட்டுவார்கள். ஊரோடு வந்து இருந்த பிறகும் அவர் அந்தப் படங்கை அவிழ்க்கவில்லை. "மூடி வைச்ச சாமான் பழுதாப் போனதெண்டு ஆரேன் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறியளே?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கேட்பார். ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் கதை கப்பலில் ஏறிவிடும், பிறகு இலேசில் கரைக்கு வராது.

அப்படிப்பட்டவரிடம் ஒரு கார் வந்து சேர்ந்தது. பழைய யப்பான் கார்தான். ஓட்டம் நல்லது, ஆனால் சீற்றெல்லாம் கிழிந்து பஞ்சு பல்லைக் காட்டியது. நகரத்தில் குஷன் கடை வைத்திருக்கும் செபநாயகத்திடம் விட்டு, புது லெதர் போடுவித்தார். தேன் நிறம். அந்த நிறத்தைச் சொன்னது அவருடைய மனைவி ஜெயகௌரி. அந்தக் காரில் அவருக்குக் கிடைத்த உரிமை அதுவொன்றுதான் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

காரை எடுக்க இருவருமாகப் போனார்கள். செபநாயகம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, மெல்லிய துணியாலை துடையுங்கோ. வெயிலுக்கை விடாதேங்கோ. இந்தப் பொலித்தீனைக் கையோடை கழட்டிப் போடுங்கோ, லெதருக்குக் காத்துப் படவேணும்."

சோமசேகரத்தார் முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சீற் கெட்டால்தானே உவனுக்கு அடுத்த வேலை வரும், உவங்களை எனக்குத் தெரியாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஜெயகௌரி முன் கதவைத் திறந்தார். அன்று வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்து முழுகியிருந்தார்.

"இஞ்சாருமப்பா, தலையிலை எண்ணெய். சாய்ஞ்சால் போச்சு" என்றார் சோமசேகரத்தார்.

"பொலித்தீன் கிடக்குத்தானே?"

"பொலித்தீனிலை பட்டால் பொலித்தீன் எல்லோ பழுதாப்போம்!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு அந்த மனுசி பஸ்ஸில்தான் வீடு திரும்பினார்.

அதற்குப் பிறகு எந்நாளும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. மீன் வெட்டிய கை, ஈரத் தலை, கோயில் சந்தனம், கால் மண். ஜெயகௌரிக்கு முழங்கால் வருத்தம் தொடங்கி, பச்சை நிறத்தில் மணக்கிற ஒரு எண்ணெயைப் பூசத் தொடங்கியதும் கதை முடிந்தது. மாதத்துக்கு ஒருக்கால் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போக வேண்டும். அந்த எண்ணெய்க் காலோடு லெதர் சீற்றோ? நடக்கிற காரியமோ?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சோமசேகரத்தார் கல்நெஞ்சுக்காரர் அல்ல. வருத்தக்கார மனுசியைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே ஜெயகௌரி பஸ்ஸில் போவார். அவர் காரை எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சீற் வெறுமையாக இருக்க, பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். பஸ் நிற்கிற இடமெல்லாம் காரும் நிற்கும்.

கொண்டக்டர் தேனுஜனுக்கு இது பெரிய வேடிக்கை. "அக்கா, உங்கடை கார் பின்னாலை வருது. வழி விடச் சொல்லட்டோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்துவான்.

"வேண்டாம் தம்பி, அதுக்கு வழி தெரியாது. பஸ்ஸைப் பாத்துத்தான் வரும்" என்பார் ஜெயகௌரி. பஸ்ஸே சிரிக்கும்.

ஜெயகௌரியும் சிரிப்பார். ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. யன்னலை இறக்கிவிட்டு, தான் தெரிந்தெடுத்த அந்தத் தேன் நிறச் சீற்றில் இருந்து, மாவிட்டபுரம் கோயில் மட்டும் ஒருக்கால் போய்வர வேண்டும். வாய் விட்டுக் கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, காரைக் கழுவுகிற நேரமெல்லாம் வாசலில் வந்து நின்று அந்த முன் சீற்றைப் பார்ப்பார். சோமசேகரத்தாருக்கு அது தெரியும். நல்லாய்த் தெரியும். பார்ப்போம், முழங்கால் சுகம் வரட்டும், எண்ணெய் நிற்கட்டும் என்று நாளைக் கடத்தினார்.

கார்த்திகை மழையோடு முழங்கால் முற்றாக மடங்க மறுத்தது. ஒப்பரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். வீட்டுக்குப் போகிற ஒழுங்கையெல்லாம் சேறு. சேற்றில் காரை இறக்க அவருக்கு மனமில்லை. கண்ணாடிகளை இறுக்கி ஏற்றி, படங்கால் மூடிக் கயிற்றால் கட்டிக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டு, அவரே இப்போது தேனுஜனின் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். பின்னால் கார் வரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஒருநாள் பின்னேரம், கஞ்சிப் போத்தலோடு வாட்டு வாசலுக்கு வந்தவர், உள்ளே தன்னைப் பற்றிய கதை நடப்பதைக் கேட்டு நின்றுவிட்டார். பக்கத்துக் கட்டில் கனகாம்பிகை, வீட்டுக்கு எப்படிப் போகப் போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"எங்கடை இவர் காரிலை வந்து கூட்டிக்கொண்டு போவார். முன் சீற் எனக்கெண்டே வைச்சிருக்கிறார். வேறை ஒருத்தரையும் இருக்க விடமாட்டார்" என்று ஜெயகௌரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"குடுத்து வைச்சனீங்கள் அக்கா" என்றார் கனகாம்பிகை.

சோமசேகரத்தாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையில் பஸ் ரிக்கற் வேறு இருந்தது. அதைக் கசக்கிப் பொக்கற்றுக்குள் வைத்தார். எவ்வளவு கேவலமான மனுசன் நான் என்று முதல் தடவையாக நினைத்தார். பொறுத்துப் பொறுத்துத்தான் உள்ளே போனார்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நாள் வந்தது. மழை விட்டிருந்தது. படங்கை அவிழ்த்தபோது கார் ஒரு மாதிரி மணத்தது. மழைதானே என்று விட்டுவிட்டார். பொலித்தீன் உள்பக்கம் வேர்த்து மங்கிப்போயிருந்தது. அதை அவர் அங்கே வைத்துக் கழற்றவில்லை. ஜெயகௌரிக்கு முன்னால், கனகாம்பிகை பார்க்க, நேர்ஸ் பார்க்க, தன் கையால் கழற்ற வேண்டும். அதற்கென்றே கத்தரிக்கோல் ஒன்றையும் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

ஜெயகௌரியைச் சில்லுக் கதிரையில் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் நல்ல சீலை உடுத்தியிருந்தார். குங்கும நிறம், சரிகைக் கரை. வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் இருந்து வர இந்தச் சீலை எதற்கு என்று சோமசேகரத்தார் யோசித்திருந்தார். இப்போது விளங்கியது. தாதி தாரிகா கதிரையைக் கார்க் கதவருகே நிறுத்தினார். கனகாம்பிகை யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ஜெயகௌரி, இண்டைக்கு நீர் லெதரிலைதான் இருக்கிறீர்" என்றார் சோமசேகரத்தார். கத்தரிக்கோலை ஓட்டி, பொலித்தீனை ஒரே இழுவையில் உரித்தார்.

ஐயோ, அந்தக் கோலத்தை என்னவென்று சொல்ல! தேன் நிறத்தைக் காணவில்லை. சாய்கிற இடம், இருக்கிற இடம், தையல் வழி எல்லாம் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் படர்ந்து கிடந்தது. அடைபட்ட மணம் குப்பென்று வெளியே வந்தது. தாரிகா மூக்கைப் பொத்தினார். பொலித்தீன் தேய்ந்துபோய் எப்போதோ கழற்றி எறிந்த சாரதிச் சீற், அவர் நாள்தோறும் இருந்து எழும்பிய சீற், பக்கத்தில் பளபளவென்று இருந்தது.

சோமசேகரத்தார் கத்தரிக்கோலும் கையுமாக நின்றார்.

ஜெயகௌரி சீற்றைப் பார்த்தார். பிறகு தன் சீலையைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, உதைத் திரும்பப் போடுங்கோ."

"எதை?"

"அந்தப் பொலித்தீனைத்தான். என்ரை சீலை எல்லோ பழுதாப்போம்!"

போட்டார். உரித்த பொலித்தீனைப் பொறுக்கி, உதறி, சுருக்கமில்லாமல் விரித்து, விளிம்பைச் செருகி, வாழ்க்கையில் எந்தச் சாமானுக்கும் போடாத கவனத்தோடு போட்டார். ஜெயகௌரி காலை நீட்டிச் சாய்ந்து இருந்தார். பொலித்தீன் சரசரத்தது. யன்னலை அவரே இறக்கிக்கொண்டார்.

கார் மாவிட்டபுரம் கோயிலைத் தாண்டியது.

"வெயில் எறிச்சால் துடைச்சு எடுத்துப்போடுவன்" என்றார் சோமசேகரத்தார் மெல்ல.

"வெயிலுக்கை விடாதேங்கோ. லெதர் வெடிச்சுப்போம்" என்றார் ஜெயகௌரி.

அப்போதுதான் பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ் வந்தது. பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த தேனுஜன் வாயைப் பிளந்தான்.

"எட, அக்கா காரிலையோ! எப்பிடியக்கா சீற்?"

பஸ் முழுக்க இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. இத்தனை காலத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்ல இதைவிட நல்ல இடம் ஜெயகௌரிக்குக் கிடைக்காது. சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான் என்று சோமசேகரத்தார் றோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"நல்ல சீற் தம்பி" என்றார் ஜெயகௌரி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஒருத்தரும் இருக்காத புதுச் சீற். இவர் எனக்கெண்டே வைச்சிருந்தவர்."

பஸ் முந்திக்கொண்டு போனது. சோமசேகரத்தாருக்கு றோட்டுச் சரியாகத் தெரியவில்லை. காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பிறகுதான் எடுத்தார்.