லில்லிக்கு உயிர் வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் கம்பெனிக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, காலையில் வெங்காயச் சட்னி தின்றுவிட்டு வந்து வாயைத் திறக்கக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சோப்புக்கும் ஊதுபத்திக்கும் வாசனை கலந்து கொடுக்கிற இடம் அது. மூக்கை வைத்துப் பிழைக்கிற இடத்தில் வெளி மணம் நுழைந்தால் வேலை கெட்டுவிடும். நான் சேர்ந்த முதல் நாள், கல்யாணமான புதிது, தலை நிறைய மல்லிகையோடு போய் நின்றேன். வாசலிலேயே திட்டி, அத்தனையையும் கழற்றிக் குப்பைக்கூடையில் போட வைத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும். சம்பளம் நல்ல சம்பளம். நின்றுவிட்டேன்.

பதினோரு வருடம் கழித்து அந்த விதியே எனக்குத் துணையாயிற்று. மூன்று வருடத்துக்கு முன்னால் என் கணவர் இறந்தார். அதற்கப்புறம் தெருவிலும் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் எல்லாரும் முதலில் என் தலையைத்தான் பார்த்தார்கள். வெறுந்தலை என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு பரிதாபத்தை எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. கம்பெனிக்குள் மட்டும் எந்தப் பெண் தலையிலும் பூ இல்லை. அங்கே நான் பத்தோடு பதினொன்றாக இருந்தேன்.

ஆனால் மூக்கு சும்மா இருக்குமா? நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறவளிடம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழம் ஜாதிமல்லி வாங்க ஆரம்பித்தேன். "சாமிக்காக்கா?" என்பாள். "ஆமா, சாமிக்கு" என்பேன். என் வீட்டுச் சாமி அந்தப் பூவைக் கண்ணால் கண்டதில்லை. இலைப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவேன். காலையில் வெறும் மொட்டு. சாயங்காலம் ரயிலில் பையைத் திறந்தால் மலர்ந்திருக்கும். முகத்தை உள்ளே விட்டு மோந்துகொண்டே ஊர் வந்து சேர்வேன். பார்க்கிறவர்களுக்கு சில்லறை தேடுகிற மாதிரி இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் லில்லி வந்து என் தலையில் விழுந்தது.

குளிர் தேசத்துப் பூ. மணி மணியாக, வெள்ளையாகப் பூக்குமாம். மற்றப் பூக்களைப் போல அதை வடித்து எண்ணெய் எடுக்க முடியாது. ஆகவே உலகத்தில் யார் விற்கிற லில்லி வாசனையும் கலந்து செய்ததுதான். பல வருடமாக அந்தக் கலவைக்கு எல்லாரும் நம்பியிருந்த ஒரு சரக்கை வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்கள். கை கழுவும் சோப்பு ஏற்றுமதி செய்கிற எங்கள் வாடிக்கையாளருக்கு, அந்தச் சரக்கு இல்லாமல் அதே லில்லி வேண்டும். பூவை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆளைப் பார்க்காமல் ஜாக்கெட் தைக்கிற கதை.

எங்கள் தலைமை வாசனைக்காரர் கோயமுத்தூர்க்காரர். "எடை போட்டது போதுமுங்க அம்மணி. இத நீங்களே பண்ணிப் பாருங்க" என்றார். அதுவரை மற்றவர்கள் எழுதின கலவையை எடைபோட்டு ஊற்றுவதுதான் என் வேலை. இது தேறினால் ஆய்வு அறையில் எனக்கொரு நாற்காலி. தேறாவிட்டால் பழையபடி எடை அறை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வெறியோடு வேண்டும்.

இருபத்தாறு மாதிரி செய்தேன். காகிதப் பட்டையை முக்கி மோந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். "சுத்தமா இருக்குது. உசிரு இல்லீங்க." உயிருக்கு நான் எங்கே போவேன்?

அந்த வெள்ளிக்கிழமை ரயில் தாமதம். பையை வெளியே லாக்கரில் வைக்க வேண்டும் என்பது விதி. ஓடி வந்த அவசரத்தில் பையோடு உள்ளே போய் மேசைக்கடியில் வைத்துவிட்டேன். காலையில் இருபத்தேழாவது மாதிரியை மோந்தவர் வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினார். நாலு மணிக்குத் தலைவலி மாத்திரை எடுக்கப் பையைத் திறந்தேன். நாள் பூராவும் லில்லியை மோந்து மோந்து என் மூக்கு மரத்துப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் என் மேசைக்கு வந்து இன்னொரு தடவை பட்டையை எடுத்தார். கண்ணை மூடினார். "அட! வந்திருச்சுங்க! ஊற ஊற உசிரு வந்திருக்குது பாருங்க!" என்றார். திங்கட்கிழமை வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ரயிலில் அந்தப் பட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். செத்த லில்லி. சரி, மூக்கு களைத்திருக்கிறது என்று வழக்கம்போல் பையைத் திறந்தேன். ஜாதிமல்லி குப்பென்று வந்தது. மறுபடி பட்டையை மோந்தேன். லில்லி எழுந்து உட்கார்ந்தது. ரயில் அண்ணனூரில் நின்றபோது எனக்குப் புரிந்துவிட்டது: அவர் மோந்த உயிர் என் பையிலிருந்து வந்தது.

சனி, ஞாயிறு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போய் நடந்தேன், உட்கார்ந்தேன், பாதியில் எழுந்து பஸ் ஏறினேன். வாயை மூடிக்கொண்டால் நாற்காலி. ஆனால் சரக்கு திரும்பி வந்தால் முதல் பழி எடை அறைக்குத்தான் போகும். அத்தனை வருடம் அந்தப் பழியை வாங்கினவள் நான். இப்போது அங்கே இருக்கிற ஆவடிப் பையன் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். சரி, சொல்லிவிடலாம் என்றால், பூ எதற்கு என்று கேட்பார்களே. சாமிக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் பொய்யை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை போனபோது அந்த ஆவடிக்காரன் டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான். "யக்கா, உன் லில்லி ரெடியா கீது."

"அனுப்பாத. சார கூப்பிடு."

அவர் வந்தார். "அன்னிக்கி நீங்க மோந்ததுல பாதி லில்லி இல்ல சார். என் பையில ஜாதிமல்லி இருந்துச்சு."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பூவ உள்ள கொண்டாந்தீங்களா? யாருக்குங்க பூ?"

சாமிக்கு என்ற சொல் நுனி நாக்கில் வந்து நின்றது. "எனக்குத்தான் சார். மோந்து பாக்க. வாரா வாரம் வாங்கறேன்."

ஆவடிக்காரன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் டப்பாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு, "போயி அதே பூவ வாங்கிட்டு வாங்க. மொட்டா" என்றார்.

அன்று சாயங்காலம் பூ மலரும்வரை இருவரும் காத்திருந்து, லில்லியையும் ஜாதிமல்லியையும் மாற்றி மாற்றி மோந்தோம். அலமாரிக் கோடியில் இன்டோல் என்றொரு சரக்கு உண்டு. தனியாக மோந்தால் பாச்சை உருண்டையும் கக்கூசும் சேர்ந்த நாற்றம். மல்லிகைக்குள் இயற்கையாகவே இருப்பது. லில்லி சுத்தமாக இருக்க வேண்டுமென்று பயந்து நான் அதைத் தொடவே இல்லை. ஊசிமுனையளவு சேர்த்தேன். புதன்கிழமை, எல்லார் பையும் லாக்கரில் இருக்க, அவர் மோந்தார். "இது உங்க லில்லிதானுங்க அம்மணி" என்றார். நாற்காலி கிடைத்தது. கொஞ்சம் ஆடும் நாற்காலி.

அந்த வெள்ளிக்கிழமை பூக்காரி கேட்டாள்: "சாமிக்காக்கா?"

"இல்ல. எனக்கு. தலைக்கு."

அவள் முகத்தில் பரிதாபம் வருகிறதா என்று முறைத்துப் பார்த்தேன். வந்தது கோபம். "அத்த மொதல்லியே சொல்ல மாட்டியா? சாமிக்குனு நென்ச்சிகினு கலக்கமா, வுட்டு வுட்டு கட்னத குடுத்துகினு கீறேன். அது தலைல நிக்காதுக்கா. இந்தா, நெருக்கிக் கட்னது."

லேடீஸ் பெட்டியில் ஏறி உட்கார்ந்து தலையில் வைத்துக்கொண்டேன். எதிர் சீட்டுக்காரி பார்த்தாள். நானும் பார்த்தேன். கம்பெனி வாசலில் ஆவடிக்காரன் என்னைப் பார்த்ததும் அலறினான்.

"யக்கா! இன்னாக்கா இது, பூ வெச்சிகினு வர்ற? இத்தினி வருசமா கீற, ரூல் தெரியாது உனுக்கு? கழட்டு, கழட்டு!"

திட்டு வாங்கிக்கொண்டே கழற்றினேன். அவன் என் தலையைப் பார்த்தது, அதில் பூ இருந்ததால்.